கொடுமுடி சுந்தராம்பாள்: இளமைப் புகழுக்குப் பின்

தமிழ் நாடக மேடையில் ஒரு காலத்தில் இரண்டு பெயர்கள் இணைத்தே பேசப்பட்டன. ஒன்று செங்கோட்டை கிட்டப்பா. மற்றொன்று கொடுமுடி சுந்தராம்பாள். இருவரும் சேர்ந்து நடிக்கும் நாடகம் என்றால் மக்கள் விடிய விடிய அமர்ந்து கேட்பர். நடிப்பைக் காண்பதைவிட, ஒரு குரலை மற்றொரு குரல் எதிர்கொள்ளும் அழகைக் கேட்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் அவர் வெள்ளைக் கதராடை உடுத்தினார்; அணிகலன்களைக் களைந்தார்; இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியை இறுதிவரை மாற்றவில்லை.

நடிகை ஒருவர் இவ்வாறு உறுதி பூண்டால் அவர்க்கு எஞ்சுவது என்ன? நாடகத்திலும் திரைப்படத்திலும் பெண்ணுக்கு உரிய பெரிய வேடம் தலைவி வேடமே. தலைவன் இல்லாமல் தலைவி இல்லை. ஆகவே, தலைவி வேடங்கள் அனைத்தையும் அவர் ஒரே நாளில் துறந்தார் எனலாம். ஆயினும், பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்களே அவரை இன்று நினைக்கச் செய்கின்றன. அவ்வேடங்கள் யாவை, அவை எங்கிருந்து வந்தன, அவற்றிற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பவை எண்ணிப் பார்க்கத் தக்கவை.

மேடை தந்த குரல்

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். தாயார் பாலாம்பாள். ஊரின் பெயரும் தாயின் பெயருமே அவருடைய பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகள். குடும்பம் மிகவும் வறியது. பாட்டுத் திறத்தால் சிறு வயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் சிறுவனாக நடித்தார் என்பர். பசியை மேடையில் நடித்துக் காட்ட அந்தக் குழந்தைக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது.

அக்காலத்து நாடக முறையை அறிந்தால்தான் அவருடைய குரலின் தன்மை விளங்கும். சங்கரதாச சுவாமிகளும் அவரைப் பின்பற்றியவர்களும் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் எங்கும் வழங்கின. இவற்றை நடத்தப் பயிற்சி பெற்ற நிலையான குழுக்கள் ஒருபுறம் இருந்தன. மற்றொருபுறம், 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவியிருந்தது. ஒரு குத்தகைதாரர், ஓர் ஊரிலிருந்து இராஜபார்ட் நடிகரையும் இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் நடிகையையும் வேறோர் ஊரிலிருந்து ஹார்மோனியக்காரரையும் ஓர் இரவுக்கு அமர்த்துவார். ஒத்திகை கிடையாது. நாடகப் பாடம் எல்லார்க்கும் தெரியும். மேடையில் ஏறிய பின் ஒருவரை ஒருவர் பாட்டாலும் பேச்சாலும் மடக்குவர். இதற்குத் 'தர்க்கம்' என்று பெயர். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாக வரும் வேலன் வாதிடும் இடம் இத்தகைய தர்க்கத்திற்குப் பேர்போனது.

அந்நாளில் நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர்க்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே உச்சத்தானத்தில் நெடுநேரம் நின்று பாடும் வலிமையும், அவ்வாறு பாடும்போதே சொல் சிதையாமல் ஒலிக்கும் தெளிவும் நடிகர்க்கு இன்றியமையாதவை ஆயின. சுந்தராம்பாளின் குரலில் இவ்விரண்டும் நிறைந்திருந்தன. மெல்லின, இடையின எழுத்துகளையும் அவர் விழுங்கிப் பாடியதில்லை. அவர் பாடல்களைக் கேட்டுக் குழந்தைகள் உச்சரிப்புப் பழகலாம் என்று தமிழாசிரியர்கள் சொல்வது பொருத்தமே.

இலங்கையில் அவருடைய நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1920களின் நடுவில் கொழும்பில்தான் கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. கிட்டப்பாவின் சாரீரத்துக்கு முன் இவர் நிற்க முடியுமா என்று ஐயுற்றவரும் இருந்தனர் என்பர். நின்றார். 1927ஆம் ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவிற்கு முன்பே மணமாகியிருந்தது. இருவரும் வெவ்வேறு குலத்தைச் சேர்ந்தவர்கள். அம்மண வாழ்வு அமைதியாக இருக்கவில்லை. பிரிவும் மனத்தாங்கலும் நேர்ந்தன. சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தபோது, மேடையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்தப் பெண் வீட்டில் எவ்வளவு கலங்கியிருந்தார் என்பதை உலகம் அறிந்தது. கிட்டப்பாவின் இறுதி நாட்களில் இருவரும் ஒன்றாக வாழவில்லை. ஆயினும், அவர் மறைந்தபின் கைம்மை நோன்பு ஏற்றவர் சுந்தராம்பாள்.

நந்தனார் வேடம்

உறுதி பூண்டபின் சுந்தராம்பாள் தேர்ந்த முதற் பெரிய வேடம் நந்தனார். அது ஆண் வேடம். ஆடவருக்கு இணையாக நடிக்க மாட்டேன் என்றவர், தாமே ஆடவராக நடிப்பதில் தடையில்லை அன்றோ? தமிழ் மேடைக்கு இது புதிதும் அன்று. பாலர் குழுக்களில் சிறுவர்களே பெண் வேடம் பூண்டனர். ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி. கே. சண்முகம் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். பெண்ணாகிய சுந்தராம்பாள் நந்தனார் ஆனதும், ஆணாகிய சண்முகம் ஔவை ஆனதும் ஒரே மரபின் இரண்டு பக்கங்கள்.

1935ஆம் ஆண்டு 'பக்த நந்தனார்' திரைப்படம் வெளிவந்தது. மாணிக்லால் டாண்டன் இயக்கினார். வேதியராக நடித்தவர் பெரும் இசைவாணர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இப்படத்திற்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். திரைப்படத்தில் நடிக்க விருப்பமில்லாத அவர், கேட்டவர்கள் திரும்பிப் போய்விடுவர் என்று கருதியே அவ்வளவு பெரிய தொகையைச் சொன்னார் என்றும், அவர்களோ அதற்கும் இசைந்துவிட்டனர் என்றும் கூறுவர். அந்நாளில் இந்தியத் திரையுலகில் எவரும் கேட்டறியாத தொகை அது.

ஊதியம் பேசப்பட்ட அளவிற்குப் படம் போற்றப்படவில்லை. படத்தில் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே நன்றாக நடித்திருக்கின்றன என்னும் கருத்துப்பட, கல்கி எள்ளி எழுதினார். மேடையில் நின்று பாடிப் பழகியவர்கள் படப்பெட்டியின் முன் நடிக்கக் கற்காத காலம் அது. பாடலுக்கும் நடிப்பிற்கும் இடையே இருந்த தொலைவு அப்படத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது.

இருப்பினும் நந்தனாரைத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் வரலாறு சுருக்கமாகவே உள்ளது. அதில் அவரைத் தில்லைக்குப் போக விடாமல் தடுக்கும் வேதிய ஆண்டை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அந்த ஆண்டையைப் படைத்தது. அதனால் கதை, கோயிலுக்குள் நுழைய முடியாத ஒருவரின் ஏக்கமாக மட்டுமன்றி, ஓர் உழைப்பாளிக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே நிகழும் போராட்டமாகவும் விரிந்தது. காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராக நாடெங்கும் பயணம் செய்த 1933, 1934ஆம் ஆண்டுகளை ஒட்டி, வெள்ளாடை பூண்ட ஓர் இளங்கைம்பெண் அந்த நந்தனாராக நின்று பாடினார். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவரின் நிலை, மங்கல நிகழ்ச்சிகளில் முன் நிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவருக்குப் புரியாமல் இருந்திருக்குமா?

அரசியல் மேடை

நாடக மேடையைவிட்டு ஒதுங்கியிருந்த அவரை மக்கள் முன் மீண்டும் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் தீரர் சத்தியமூர்த்தி. தேசிய இயக்கத்திற்கு நாடகக் கலைஞர்களின் துணை எவ்வளவு தேவை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த நாட்டில் செய்தித்தாள் செல்லாத இடத்திற்கும் பாட்டுச் சென்றது. தியாகி விசுவநாததாஸ் முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிப் பன்முறை சிறை சென்றவர். சுந்தராம்பாளும் காந்தியத்தையும் கதரையும் பற்றிய பாடல்களை மேடைகளிற் பாடினார். இசைத்தட்டுகளிலும் பதிவு செய்தார்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். அக்கூட்டங்களின் முறை எளியது. முதலில் பாட்டு, பிறகு பேச்சு. பாட்டுக் கேட்க வந்தவர்கள் பேச்சையும் கேட்டுச் செல்வர். காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்தபோது, தங்கத் தட்டில் உணவு படைக்கப்பட்டதாகவும், உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று அவர் நகைத்துக் கேட்டதாகவும், தட்டையும் சுந்தராம்பாள் நிதிக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

1951ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவை உறுப்பினர் ஆனார். திரைப்படக் கலைஞருள் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல்வர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் திரையுலகமும் அரசியலும் எவ்வாறு கலந்தன என்பதை யாவரும் அறிவர். அந்த நெடிய வரிசையில் முதலில் நிற்பவர் ஆடவர் அல்லர், ஒரு பெண். அதுவும் கணவரை இழந்த ஒரு பெண்.

இதன் பொருளைச் சற்றே ஆழ்ந்து நோக்க வேண்டும். கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வழி மாறிச் சென்ற சமுதாயம் அது. அச்சமுதாயத்தின் நடுவே, அவர் கைம்மைக் கோலத்தை மறைக்காமல் வெள்ளாடையும் திருநீறுமாக ஆயிரக்கணக்கானோர் முன் நின்றார். கூட்டம் அவர் பாட்டோடு தொடங்கியது. எந்தக் கோலத்தைக் கண்டு மக்கள் ஒதுங்கினரோ, அதே கோலத்தைக் காண அவர்கள் கூடினர்.

மணிமேகலையும் ஔவையும்

1940ஆம் ஆண்டு 'மணிமேகலை' வெளிவந்தது. 'பாலசன்யாசி' என்றும் அதற்குப் பெயர். மணிமேகலை காப்பியத் தலைவிதான். ஆனால் எவரையும் மணக்காத தலைவி. உதயகுமாரன் அவளை விரும்பித் தொடர்கின்றான். அவளோ காயசண்டிகை வடிவம் கொண்டு அவனிடமிருந்து விலகி, அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிடுகின்றாள். ஐம்பெருங்காப்பியங்களுள் சுந்தராம்பாளின் உறுதிக்கு இதனினும் இயைந்த பெண் பாத்திரம் கிடைப்பது அரிது.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் நடித்த படம் வெளிவரவில்லை. இந்த இடைவெளியில் திரைத்தொழில் அடியோடு மாறியது. தொடக்க காலப் பேசும் படங்களில் பாடத் தெரிந்தவரே நடிகர். படப்பிடிப்பின்போதே பாட வேண்டும். பின்னர், பாடலை முன்னதாகப் பதிவு செய்துகொண்டு வாயசைக்கும் முறை வந்தது. அதனைத் தொடர்ந்து, பாடுபவர் ஒருவர், தோன்றுபவர் வேறொருவர் என்றாயிற்று. பாடி நடித்தவர்களின் காலம் முடிவுக்கு வந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி 'மீரா' படத்தோடு திரையை விட்டுக் கச்சேரி மேடைக்கே சென்றார். பி. யு. சின்னப்பா 1951இல் மறைந்தார். தியாகராஜ பாகவதரின் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. அந்தத் தலைமுறையே மறைந்துகொண்டிருந்தபோது, சுந்தராம்பாளின் மிகப் பெரிய படம் வெளிவந்தது.

அதுவே 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் சார்பில் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்'. படம் உருவாகப் பல ஆண்டுகள் ஆயின. குழந்தை ஔவையாகவும் கன்னி ஔவையாகவும் பிறர் நடித்தனர். மணம் பேச வருகின்றனர். ஔவை விநாயகனை வேண்டி நிற்கின்றாள். இளமை நீங்கி மூதாட்டி ஆகின்றாள். அந்த மூதாட்டியாகத் திரையில் தோன்றுபவர் சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயது 45க்குள்.

மணத்தை மறுத்துத் தன் இளமையைத் தானே களைந்துகொண்ட பெண்ணாகச் சுந்தராம்பாள் வந்தபோது, கண்டவர்கள் வேடத்தையும் வாழ்க்கையையும் பிரித்துப் பார்க்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நந்தனாரில் காணப்படாத நடிப்பு இதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இதில் அவர் நடிக்க வேண்டிய தேவை குறைவு என்பதே விடை. ஊர் ஊராக நடந்து, மன்னர்க்கும் மக்கட்கும் பாட்டால் அறிவுரை கூறிய ஔவையின் வாழ்வை அவர் அரசியல் மேடைகளில் முன்பே வாழ்ந்திருந்தார்.

இங்குத் தமிழ் கற்பிப்போர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இலக்கிய வரலாற்றில் ஔவையார் ஒருவர் அல்லர். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்ற சங்க கால ஔவையார் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும் பாடிய பிற்கால ஔவையார் வேறு. சங்க ஔவையாரை மூதாட்டியாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு அவர் பாடல்களில் உறுதியான சான்று இல்லை. பல நூற்றாண்டுகளின் செய்திகளைக் கதைமரபு ஒரே பாட்டியாக இணைத்தது. படமும் அம்மரபையே பின்பற்றியது. அதன்பின் ஔவை என்றதும் தமிழர் மனத்தில் எழும் உருவம் சுந்தராம்பாளின் உருவம். கேட்கும் குரல் அவர் குரல். ஓர் ஆராய்ச்சி நூல் செய்ய முடியாததை ஒரு குரல் செய்தது. அதன் நன்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. மாணவர்க்கு ஔவையை அறிமுகம் செய்யும் ஆசிரியர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்வது நலம்.

கவுந்தியடிகள்

மீண்டும் ஓர் இடைவெளி. பதினோராண்டுகள் கழித்து, 1964இல் 'பூம்புகார்' வெளிவந்தது. மு. கருணாநிதி கதை உரையாடல் எழுத, ப. நீலகண்டன் இயக்கினார். கோவலனாக எஸ். எஸ். இராஜேந்திரனும் கண்ணகியாக விஜயகுமாரியும் நடித்தனர். சுந்தராம்பாள் கவுந்தியடிகளாக வந்தார்.

இவ்விணைப்பு வியப்புக்குரியது. படத்தை எழுதியவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சட்டமன்ற உறுப்பினர். கோவலனாக நடித்தவர் 1962இல் தேனியில் அக்கழகத்தின் சார்பில் வென்றவர். கவுந்தியாக வந்தவரோ காங்கிரஸ் மேடைகளிற் பாடி வளர்ந்தவர். முருகனிடத்து நீங்காத பக்தி கொண்டவர். கொள்கையால் இரு துருவங்களில் நின்றவர்களை இளங்கோவடிகளின் காப்பியம் ஒரே படத்தில் சேர்த்து வைத்தது.

கவுந்தியடிகள் சமணப் பெண்துறவி. நாடுகாண் காதையில், புகாரைவிட்டு நீங்கிய கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணை ஆகின்றார். அவ்விருவரையும் இழித்துப் பேசிய இருவரை நரிகளாகுமாறு சபிக்கும் அளவிற்குக் கண்ணகியின்பால் பரிவுடையவர். அடைக்கலக் காதையில் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கின்றார். பின்னர் அவர்களுக்கு நேர்ந்த முடிவைக் கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கின்றார். காப்பியத்தில் அவர் வரும் இடம் சிறிது. ஆனால் அவரின்றிக் கண்ணகி மதுரையை அடைவதில்லை.

இத்தகைய வேடத்தைத் தலைவி வேடம் ஏற்கும் நடிகையிடம் கொடுத்தால் பொருந்தாது. துணைநடிகையிடம் கொடுத்தாலும் எடுபடாது. திரையில் தோன்றிய அளவிலேயே, இவர் சொன்னால் உலகம் கேட்கும் என்ற எண்ணம் பார்ப்போர்க்கு எழ வேண்டும். முப்பது ஆண்டு நோன்பு அந்தத் தகுதியைச் சுந்தராம்பாளுக்கு ஈட்டித் தந்திருந்தது.

முருகனும் ஔவையும்

1965இல் ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது. கனி கிடைக்காத சினத்தால் பழனிக்குச் செல்லும் குழந்தை முருகனை ஔவையார் தேற்றும் காட்சி அதில் உண்டு. 1967இல் அதே இயக்குநரின் 'கந்தன் கருணை'யிலும் அவர் ஔவையாக வந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பு மேடையில் அவர் வள்ளியாக நின்று வேலனோடு வாதாடினார். அப்போது வேலன் காதலன். எதிரே நின்று பாடியவர் கிட்டப்பா. திருவிளையாடலில் வேலன் குழந்தை, வாதாடுபவர் பாட்டி. பாட்டால் மடக்கும் பழைய நாடகத் தர்க்கத்தின் சுவை அக்காட்சியில் அப்படியே இருக்கின்றது. காதற்சுவை மட்டும் தாய்மையாக மாறியிருக்கின்றது. கிட்டப்பாவோடு முடிந்துவிட்டதாக எண்ணப்பட்ட மேடைக் கலையின் ஒரு கூற்றை அவர் இவ்வாறு திரையில் காத்து வைத்தார்.

1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்திற் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதை அதற்கு முந்திய ஆண்டுப் படத்திற்காகப் பெற்றவர் பி. சுசீலா. பின்னணிக் குரல்கள் பெருகியதால் பாடி நடித்தவர்கள் மறைந்தனர் என்று முன்னர்க் கண்டோம். அந்தப் பின்னணிப் பாடகர்க்கென ஏற்பட்ட விருதையே, எப்போதும் தம் வேடத்திற்குத் தாமே பாடிய ஒருவர் அறுபது வயதைக் கடந்தபின் பெற்றார். 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது.

1973இல் 'காரைக்கால் அம்மையார்' வெளிவந்தது. இளம் புனிதவதியாக லட்சுமியும், பின்னைய அம்மையாராகச் சுந்தராம்பாளும் தோன்றினர். சேக்கிழார் கூறும் கதையை எண்ணிப் பாருங்கள். கணவன் தன்னைத் தெய்வமென அஞ்சி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அதனை உதறிப் பேயுரு வேண்டிப் பெறுகின்றார் புனிதவதியார். அற்புதத் திருவந்தாதியும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் அதன் பிறகு பிறக்கின்றன. ஔவையின் கதையில் வந்த அதே கருத்து இங்கும் வருகின்றது. தமிழ் மரபில் ஒரு பெண் தன் குரலால் தனித்து வாழ வேண்டுமானால், முதலில் அவள் தன் இளமையைக் கொடுத்துவிட வேண்டும் போலும்!

கொடுத்த விலை

சுந்தராம்பாள் நடித்த படங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டே. முதற் படத்திற்கும் கடைசிப் படங்களுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் என்று பெயர்களை வரிசையாக வைத்தால், அது தமிழ் இலக்கியப் பாடத்திட்டம் போலவே தோன்றும். மணமும் காதலும் இல்லாத வேடங்களை அவருக்கு அளிக்கத் திரைக்கதை எழுதுவோரால் முடியவில்லை. இலக்கியத்தால் முடிந்தது. அவர் தேடிச் சென்றவை அல்ல இவ்வேடங்கள். அவர் நின்ற இடத்திற்கு வரக்கூடிய வேடங்கள் இவை மட்டுமே.

இதனைப் புகழ்ந்து பேசுவது எளிது. பலரும் அவ்வாறே பேசியுள்ளனர். ஆனால் நடுநிலையோடு நோக்குவோர் மறுபக்கத்தையும் காண வேண்டும். 25 வயதில் ஒரு பெரும் நடிகை தம் கலையின் பெரும்பகுதியைத் துறந்தார். வள்ளியும் பவளக்கொடியும் பாடிய அந்த வாய், பின்பு அன்பின் அகத்திணைப் பக்கத்தைப் பாடவேயில்லை. மனைவியை இழந்த நடிகர் எவரிடமும் உலகம் இவ்வாறு எதிர்பார்த்ததில்லை. கிட்டப்பாவிற்கு இரு மணங்கள் இருந்தன. அதனால் அவர் புகழ் குறையவில்லை. கைம்மை நோன்பு என்னும் வழக்கம் பெண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்ததையும், அதனை மேற்கொண்டதாலேயே அவரை மக்கள் தெய்வத்தன்மை உடையவராகப் போற்றியதையும் மறைத்துவிட்டு அவர் வரலாற்றைச் சொல்வது நேர்மை ஆகாது.

ஆயினும் அந்த வழக்கம் விதித்த எல்லாவற்றிற்கும் அவர் பணிந்தார் என்றும் சொல்ல இயலாது. கைம்பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது வழக்கம். அவர் நாடெங்கும் சென்றார். பிறர் தயவில் வாழ வேண்டும் என்றது. அவர் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார். பேசாதிருக்க வேண்டும் என்றது. அவர் சட்டமன்றத்தில் அமர்ந்தார். வெள்ளாடையை ஏற்றுக்கொண்டார், அதனோடு வந்த மௌனத்தை ஏற்கவில்லை. ஒரே நோன்பில் பணிவும் மீறலும் ஒருங்கே இருந்தன. அதனால்தான் அவரை வெறும் பக்திச் சின்னமாக வைத்து வணங்குவதும், பழைமைக்கு அடிமைப்பட்டவர் என்று ஒதுக்குவதும் ஆகிய இரண்டுமே பிழையாகின்றன.

1980ஆம் ஆண்டு, எழுபது வயதைக் கடந்த நிலையில், சுந்தராம்பாள் மறைந்தார். கிட்டப்பாவோடு அவர் நடித்த நாடகங்கள் படமாக்கப்படவில்லை. எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகளே. அவர் இளமைப் புகழைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்று இல்லை. முருகன் கோயில் விழாக்களிலும் வானொலியிலும் கேட்கும் அவர் குரல், பெரும்பாலும் அந்தப் புகழ் முடிந்த பின்னர் ஒலித்த குரல். ஔவையின் பாடலை அக்குரலில் கேட்கும் சிறுவனுக்கு, அதே குரல் ஒருகாலத்தில் தினைப்புனத்தில் நின்று வேலனை மறுத்துப் பாடியது என்பது தெரியாது. அதனை எடுத்துச் சொல்வது தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்று.